லாரி கிளம்பவில்லை, ஆகையால் நான் வருகிறேன்

உ
மாரியம்மன் துணை

சைகோன்,
வெள்ளிக்கிழமை.

சௌபாக்கியவதி தம்பி பெண்சாதி தெய்வானைக்கு நாத்தனார் ஞானம்பாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகன் லூயியும் மாடுகளும் அம்மன் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறோம். லாரி மட்டும் சுகமில்லை. அங்கே தம்பி கரியமாணிக்கத்தின் இருமலும், உன் இடுப்பு வலியும், கொல்லை முருங்கை மரமும் எப்படி இருக்கின்றன என்று ஒரு வரி எழுதினால் நீ ஒன்றும் குறைந்துபோக மாட்டாய். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு நான் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கப்பல் ஏதும் கவிழ்ந்ததாக இங்கே செய்தி வரவில்லை. ஆகவே அது உன் கைக்கு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. அடுத்த வாரக் கப்பலில் நான் ஏறி, புதுச்சேரியில் இறங்கி, அங்கிருந்து காரைக்காலுக்கு வந்து சேருகிறேன். விருந்தாளியாக வரவில்லை. நாலு நாள் இருந்துவிட்டு முறுக்குக் கட்டிக்கொண்டு திரும்புகிற வருகையும் இல்லை. இனி அங்கேயே, உங்களோடேயே, என் தகப்பனார் கட்டிய வீட்டில், என் காலம் உள்ளவரை இருக்க வருகிறேன். இதைப் படித்து உனக்கு எவ்வளவு சந்தோஷமாயிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே அளவுதான். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த லாரி.

எந்த லாரி என்று நீ கேட்க மாட்டாய். என் வீட்டுக்காரர் இருந்த நாளில் அதற்கு மாலை போட்டு, அதன் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நின்று படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினோமே, அதைப் பார்த்துவிட்டு ‘தகரக் கொட்டகை வாசல்லயா அண்ணி நிக்கிறீங்க’ என்று எழுதினவள் நீதான். எனக்கு மறதி கிடையாது. அந்தத் தகரக் கொட்டகைதான் இத்தனை வருஷமாகப் பால் சுமந்து எனக்குச் சோறு போட்டது. மாட்டுக்கொட்டில் இருப்பது ஊருக்கு வெளியே. பால் குடிக்கிறவர்கள் இருப்பது பென் தான் சந்தைப் பக்கத்திலும் ஆற்றோரத்து ஓட்டல்களிலும். நடுவில் இருக்கிற தூரத்தை வெயில் ஏறுவதற்கு முன்னால் கடந்தால் அது பால், கடக்காவிட்டால் அது வேறு ஏதோ. அவர் போன பிறகு மாட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போ என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. நான் போகவில்லை. விடியற்காலையில் டிரைவர் வயிரவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பின்னால் பால் பாத்திரங்கள் குலுங்க, வாசல் வாசலாக நானே போய் அளந்து ஊற்றிவிட்டு வந்தேன். வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல்காரன்கூட என்னை ‘மதாம்’ என்றுதான் கூப்பிடுவான். காரைக்காலில் என்னை யார் மதாம் என்று கூப்பிடப் போகிறார்கள். நீயா கூப்பிடுவாய்?

மகன் லூயி என்றால் உனக்கு யார் என்று விளங்காமல் போகலாம். சொக்கநாதன் என்று நான் ஆசையாக வைத்த பெயர் துறைமுக ஆபீசில் யார் வாயிலும் நுழையவில்லை என்று லூயி என்று மாற்றி எழுதிக்கொண்டானே, அவன்தான். நல்ல பிள்ளை. ஆனால் இந்த மழைக்காலத்தில் நான் கொட்டிலில் ஒரு தரம் வழுக்கி விழுந்ததிலிருந்து என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. ‘அம்மா, லாரி ஓடுற வரைக்கும் நீயும் ஓடு, நான் தடுக்கல. லாரி நின்னுபோச்சுன்னா நீயும் நிக்கணும். மாட்டை வித்துட்டு மாமா வீட்டுக்குப் போய் நிம்மதியா இரு’ என்றான். இன்னொரு லாரி வாங்குகிற பேச்சே கிடையாது என்றும் சொன்னான். நானும் வாய்க்கொழுப்பில் சரிதான் போடா என்று அவன் கையில் அடித்துக் கொடுத்துவிட்டேன். அந்த லாரி நிற்கும் என்று யார் கண்டது.

ஆயுத பூஜை வந்தது. லாரியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தோம். வயிரவனிடம் ‘சந்தனமும் குங்குமமும் ஒரு இடம் விடாம வைடா. போன வருஷம் பின்சக்கரத்துக்கு வைக்காம விட்டே, தை மாசம் அது வெடிச்சுது’ என்று மட்டும் சொன்னேன். மறுநாள் விடியற்காலையில் பாலை ஏற்றிவிட்டு, அவன் வண்டி மூக்கில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். இஞ்சின் சுற்றியது, கர்ர் கர்ர் என்றது, பெருமூச்சு விட்டது, வண்டி முழுக்கக் குலுங்கியது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினான். மறுபடியும் அதே கர்ர் கர்ர். விடிந்து இத்தனை நேரமாச்சே என்று எழுப்பினால் படுத்தபடியே ‘ம், ம்’ என்று சொல்லிக்கொண்டு, எழுந்திருக்க மட்டும் மாட்டாத மருமகள்கள் சில வீடுகளில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். லாரியும் அதே மாதிரிதான் செய்தது. அன்றைய பாலை ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினேன். சந்தை போய்ச் சேர்ந்தபோது மூடியைத் திறக்காமலே வாசனை வந்ததாம்.

வயிரவன் திருநள்ளாற்றுப் பக்கத்துப் பையனாக வந்தவன், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் சொன்னான்: ‘பெரியம்மா, வண்டி கிளம்ப மூணே விஷயம்தான். எண்ணெய் வரணும், நெருப்பு வரணும், காத்து வரணும். மூணுல எது வரலன்னு பாத்துட்டா வேலை முடிஞ்சுது.’ விறகடுப்புக்கும் இதே மூன்றுதான், இதைச் சொல்ல நீ லாரி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்க வேண்டாமே என்றேன். முதலில் நெருப்பைப் பார்த்தான். இஞ்சினிலிருந்து தீப்பொறி போடுகிற பீங்கான் தலையைக் கழற்றி, லூயியிடம் கொடுத்து இரும்போடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் சுற்றினான். ஒரு பொறியும் வரவில்லை. கம்பி போகிற வழியே போய், இஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு கறுப்பு மூடியைத் திறந்தான். தெய்வானை, உள்ளே கர்ப்பகிருகம் மாதிரி இருந்தது. தீப்பொறி தாண்ட வேண்டிய இடத்தில் கட்டைவிரல் அளவுக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். ஒரு துளசி இலையும் இருந்தது.

‘ஏண்டா இதுக்குள்ள வச்சே?’ என்றேன்.

‘நீங்கதான பெரியம்மா ஒரு இடம் விடாம வைன்னீங்க.’

‘அம்மன் கண்ணுல படற இடத்துல வைக்கச் சொன்னா, மூடிக்குள்ள வச்சு மூடிட்டா அவ எப்படிடா பாப்பா?’

‘அம்மனுக்குத் தெரியாத இடம்னு ஒண்ணு உண்டா பெரியம்மா?’

என்னிடமே இப்படிக் கேட்டான். ஆகையால் அன்றைக்கு அவனுக்குக் காப்பி கொடுக்கவில்லை. சந்தனம் சுவரில் பூசின சுண்ணாம்பு மாதிரி காய்ந்து பிடித்திருந்தது. சுரண்டித் துடைத்துவிட்டு மறுபடி சுற்றினான். இந்தத் தரம் பொறி நீலமாக, சடசட என்று வந்தது. பீங்கான் தலை லூயியின் கையில்தான் இருந்தது. அவன் துள்ளிப்போய்ப் பிண்ணாக்குத் தொட்டியில் உட்கார்ந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னான். தமிழில் சொல்லக்கூடியதாக இருந்திருந்தால் தமிழிலேயே சொல்லியிருப்பான். நெருப்பு வந்துவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். எல்லாவற்றையும் பூட்டிச் சுற்றினால் பழைய கர்ர் கர்ர்தான்.

அடுத்தது எண்ணெய். இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். பெட்ரோல் தொட்டியின் மூடி போன கோடையில் தொலைந்துபோனது. தொலைத்தது யார் என்று எனக்குத் தெரியும், வெளியே சொல்லி ஒருவரை அவமானப்படுத்தும் பழக்கம் எனக்கில்லை, பக்கத்து வீட்டுச் சேஷாசலம். மகள் கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏற்ற லாரியை இரவல் வாங்கிப்போனார், லாரியைக் கொண்டுவந்து விட்டார், மூடியை விடவில்லை. கேட்டதற்கு ‘மூடி இருந்துச்சா அக்கா?’ என்று என்னையே கேட்டார். அன்றிலிருந்து தேங்காய் நாரைத் திரித்துத் துணி சுற்றி அடைத்துவைத்திருந்தோம். அந்த நார் இழை இழையாகப் பெட்ரோலில் இறங்கி, குழாயில் போய் ஜடை பின்னிக்கொண்டிருந்தது. வயிரவன் குழாயைக் கழற்றி வாய்வைத்து உறிஞ்சினான், ஊதினான், மறுபடி உறிஞ்சினான். கடைசியில் நார்ப்பந்து ஒன்று வெளியே வந்தது, கூடவே வாய் நிறையப் பெட்ரோலும் வந்தது. பாதியைத் துப்பினான், மீதி எங்கே போனது என்று கேட்டால் திருதிருவென்று விழித்தான். அன்று முழுக்க அவன் ஏப்பம் விடும்போதெல்லாம் அடுப்பங்கரைப் பக்கம் வராதே என்று விரட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் இப்போது அருவி மாதிரி வருகிறது. லாரி கிளம்பவில்லை.

மூன்றாவது காற்று. வயிரவன் அதைப் பார்க்கக் குனிகிற நேரத்தில்தான் சேஷாசலம் வேலியைத் தாண்டி வந்தார். அவர் பழைய சிப்பாய். பிரான்சு தேசத்துச் சண்டையில் பீரங்கி லாரி ஓட்டியதாகச் சொல்வார். உருளைக்கிழங்கு உரித்ததாக அவர் பெண்சாதி சொல்வாள். ‘காத்தா? காத்துக்கு என்னப்பா பஞ்சம். ஆத்தங்கரை ஊரு, எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்துதான். எழுந்திரு. அக்கா, இது தள்ளினா கிளம்புற வியாதி. நாங்க பனியில தள்ளியிருக்கோம்’ என்றார். சொல்லிவிட்டு அவரே ஏறி டிரைவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டார், தள்ள வேண்டியது நாங்கள். வயிரவன், லூயி, மாட்டுக்காரர்கள் எல்லாரும் தள்ள, நானும் ஒரு ஓரமாகக் கைவைத்தேன். கொட்டிலுக்கு முன்னால் பாதை வாய்க்காலை நோக்கிச் சரிவாகப் போகும். லாரி உருண்டது, நன்றாகவே உருண்டது, கிளம்பாமலே உருண்டது. சேஷாசலம் உள்ளே எதை எதையோ மிதித்தார். பிரேக்கு எதில் இருக்கிறது என்று அவருக்கு ஞாபகம் வருவதற்குள் வாய்க்காலோரத்து அன்னமிக்காரியின், அதாவது இந்த நாட்டுக்காரி ஒருத்தியின், தண்ணீர்க்கீரைக் குட்டையில் முன்சக்கரம் இரண்டும் இறங்கி, லாரி கும்பிடு போட்ட மாதிரி நின்றது. அந்த அம்மாள் அரிவாளோடு ஓடிவந்து ‘சோய் ஓய்’ என்று வானத்தைக் கூப்பிட்டு முறையிட்டாள். நியாயம்தான். நசுங்கின கீரைக்குப் பதிலாகத் தினமும் பால் தருகிறேன் என்று கையால் ஜாடை காட்டினேன். அவள் தன் எருமைகளைப் பூட்டி லாரியை இழுத்துக் கொடுத்தாள். சேஷாசலம் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கேட்டால், பாரம் இருந்தால்தான் சக்கரம் பிடிக்குமாம்.

அந்த நேரம் பார்த்துத் தனக்கொடி வரவேண்டுமா. தனக்கொடி யார் என்று சொல்கிறேன். அவளும் நம்ம ஊர்ப் பக்கம்தான், அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள்தான், அவளும் பால் வியாபாரம்தான். குதிரை வண்டியில் பால் கொண்டுபோகிறாள். ஒரு பொங்கலுக்கு மாரியம்மன் கோயிலில், நான் முதல்நாளே செங்கல் வைத்து அடையாளம் பண்ணியிருந்த கிழக்குப் பார்த்த இடத்தில் இவள் தன் பானையை வைத்தாள். வைத்தது மட்டுமா, எல்லாருக்கும் முன்னால் அவள் பானைதான் பொங்கியது. அன்றோடு பேச்சு நின்றது. வியாபார விஷயம் ஏதாவது பேசவேண்டுமானால் நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பேசுவோம். ஆள் இல்லாவிட்டால் மாட்டைப் பார்த்துப் பேசுவோம். அவள் குதிரையை நிறுத்தி, குட்டையையும் எருமைகளையும் என் லாரியின் பின்பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

‘வயிரவா, உங்க முதலாளியம்மா எருமைப் பால் வியாபாரமும் ஆரம்பிச்சுட்டாங்களான்னு கேளு’ என்றாள்.

‘வயிரவா, குதிரையோடயே சுத்துறவங்களுக்குச் சிரிப்பும் குதிரைச் சிரிப்பாத்தான் வருதுன்னு சொல்லு’ என்றேன்.

‘மழை நேரம், லாரிக்குச் சளி பிடிச்சிருக்கும், மிளகு ரசம் வச்சுக் குடுக்கச் சொல்லு வயிரவா.’

இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த வயிரவன், ‘ரெண்டு பேரும் நேராவே பேசிக்குங்களேன். எனக்குக் கால்ல அட்டை கடிக்குது’ என்றான்.

லாரி திரும்பக் கொட்டிலுக்கு வந்தது, வந்த இடத்தில் அப்படியே நின்றது. காற்றுக்குப் பஞ்சமில்லை என்று சேஷாசலம் சொன்னதோடு அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை. தினமும் சுற்றுகிறார்கள், தினமும் கர்ர் கர்ர். மாடுகளுக்கு லாரி நின்றது தெரியுமா, அவை பாட்டுக்குக் கறந்துகொண்டேயிருக்கின்றன. ரிக்‌ஷாவில் போகிற பால் பாதிக்குமேல் கெட்டுவிடுவதால் அதையெல்லாம் உறைக்குப் போட்டேன். வெள்ளைக்காரனுக்குத் தயிர் ஆகாது, அன்னமிக்காரர்களுக்கும் ஆகாது, ஆகவே சைகோனில் இருக்கிற தமிழர்கள் அத்தனை பேரும் தயிர் சாப்பிட்டார்கள். பள்ளிவாசல் தெருவில் துணிக்கடை வைத்திருக்கிற மதார் பீவியம்மாள் வீட்டுக்கு ஒரு பானை, செட்டியார்கள் கடையும் தங்கலுமாக இருக்கிற கிட்டங்கிக்கு நாலு பானை என்று அனுப்பினேன். நேற்றுக் கிட்டங்கிச் சமையல்காரர் முருகப்பன் காலிப் பானைகளைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். ‘அம்மா, காலையில தயிர்சாதம், மத்தியானம் மோர்க்குழம்பு, ராத்திரி தயிர்ப் பச்சடின்னு ஓட்டிக்கிட்டிருக்கேன். இன்னும் ஒரு பானை அனுப்பினீங்கன்னா செட்டியாருங்க எல்லாரும் கடையைச் சாத்திட்டு ஊருக்குக் கப்பலேறிடுவாங்க’ என்றார். ஓட்டல்காரர்கள் அவ்வளவு மரியாதையாகச் சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமை முதல் தனக்கொடியிடம் பால் வாங்கப் போகிறோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

லூயி கோபிக்கவே இல்லை. கோபித்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டு அவனை மடக்கியிருப்பேன். பொறுமையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ‘வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள கிளம்பினா நீ இரு அம்மா, நான் வாயைத் திறக்கல. இல்லாட்டி அடுத்த கப்பல்’ என்று கப்பல் சீட்டை எடுத்துக் காட்டினான். துறைமுக ஆபீசில் இருப்பதால் நல்ல இடமாகப் பார்த்து எடுத்திருக்கிறான். மாட்டையும் லாரியையும் யார் வாங்குகிறார்கள் தெரியுமா, தனக்கொடி. அவளிடமே போய்ப் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறான். பெற்ற பிள்ளை. கறவை மாட்டுக்கு அவள், இரும்பு விலைக்கு லாரிக்கும் அவளேதானாம். கோழி அடைக்க வசதியாயிருக்குமாம்.

இன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து வயிரவன் சுற்றிச் சுற்றி உள்ளங்கை கொப்புளித்துப்போய், கொட்டிலுக்குப் பின்னால் சுருட்டுப் பிடிக்கிற சாக்கில் போய் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு முகம் காட்ட மாட்டேன் என்கிறான். நான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கழுத்துக் கயிறு புதுசாக மாற்றிவிட்டேன், பழைய கயிறோடு கொடுத்தாள் என்று தனக்கொடி நாளைக்குச் சொல்லக்கூடாது. அவள் சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் பார்க்கப்போகிறாள். நான் பெட்டி கட்டிவிட்டேன்.

ஆகையால் நான் வருவதற்கு முன் நீ செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். கொல்லைப் பக்கத்து அறையில் நீ ஆடு கட்டிவைத்திருப்பதாக எனக்குத் தகவல் உண்டு. ஆட்டை வெளியேற்றி, கழுவி, சுண்ணாம்பு அடித்துவை. அம்மா படுத்திருந்த பலகைக் கட்டில் அந்த அறைக்கு வரவேண்டும். இப்போது அதன்மேல் என்ன ஊறுகாய் ஜாடி இருந்தாலும் சரி. நான் கோழி கூவுமுன் எழுந்துவிடுவேன். நான் எழுந்த வீட்டில் வேறு யாரும் படுத்திருந்து நான் பார்த்ததில்லை, இந்த வயதில் பார்க்கவும் விரும்பவில்லை. குழம்பில் புளி குறைத்துப் போடு. உன் கல்யாணப் பந்தியில் உன் தாயார் எனக்குத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் இலை போட்டு, ஊருக்கெல்லாம் அப்பளம் வைத்துவிட்டு எனக்கு வைக்காமல் போனாள். அதை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன், இருந்தாலும் நான் வருகிற அன்றைக்கு அப்பளம் பொரித்துவை. நான் அனுப்பிய பட்டுத் துணி சாயம் போகிறது என்று வண்ணாத்திக்குக் கொடுத்தாயாம், அதைப் பற்றி நேரில் பேசுவோம், நமக்கு இனி நேரம் நிறைய இருக்கிறது. முக்கியமாக ஒரு மாடு வாங்கிக் கட்டு, கறக்காவிட்டாலும் பரவாயில்லை. விடியற்காலையில் எழுந்து நான் போய் நிற்க ஒரு இடம் வேண்டும்.

தம்பிக்கு என் ஆசீர்வாதம். குழந்தைகளுக்குத் திருஷ்டி கழித்து நெற்றியில் திருநீறு இட்டுவிடு. அண்டை அயலில் என்னை விசாரிப்பவர்களுக்கு என் அன்பும், விசாரிக்காதவர்களுக்கு நான் வருகிற செய்தியும் சொல். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், பாலும் சோறும் குறையாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னோடு இருக்க வரும்
ஞானம்பாள்.

பின்குறிப்பு: ஆட்டை அவசரப்பட்டு வெளியேற்றியிருந்தால் திரும்பக் கட்டிவிடு. இல்லை, கட்டாதே. கொஞ்சம் பொறு, ஒழுங்காகச் சொல்கிறேன். கடிதத்தை ஒட்டுவதற்குள் தனக்கொடி வந்துவிட்டாள். மாடுகளைப் பார்த்தாள், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பிறகு லாரியில் ஏறி, என் இடத்தில் இல்லை, டிரைவர் இடத்திலேயே ஜம்மென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் முழங்காலைத் தடவிக்கொண்டு ‘வயிரவா, இதென்ன இங்க இடிக்குது, மஞ்சள் மூட்டை?’ என்றாள். அதைப் பற்றி நான் மேலே எழுதவில்லை. அம்மனுக்கும் எனக்கும் உள்ள விஷயம், உனக்கு எதற்கு என்று விட்டிருந்தேன். லாரி நின்ற அன்றைக்கே மஞ்சள் துணியில் காசு முடிந்து, வண்டி கிளம்பினால் பொங்கல் வைக்கிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டு, டிரைவருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு குமிழை நன்றாக வெளியே இழுத்து, அதற்கும் வண்டியைத் திருப்புகிற சக்கரத்தின் தண்டுக்குமாக இறுக்கிக் கட்டி, இதில் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அம்மன் முடிச்சு என்று வயிரவனும் தொடவில்லை, துணிக்குள் இருப்பது எந்தக் குமிழ் என்று விலக்கிப் பார்க்கவும் இல்லை, லூயியும் தொடவில்லை, சேஷாசலம்கூடத் தொடவில்லை. இவளுக்கு என்ன பயம். ‘சாமிக்கு முடிஞ்சதைக் கால் படற இடத்துலயா கட்டுவாங்க, கேளு வயிரவா’ என்று அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, பத்திரமாக மேலே வைத்துவிட்டு, இடித்த குமிழை உள்ளே ஒரு தள்ளுத் தள்ளினாள். வாங்குகிறவர்களுக்கு இஞ்சின் சுற்றுவதையாவது காட்டுவோம் என்று வயிரவன் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினான்.

தெய்வானை, லாரி கிளம்பிவிட்டது. இடி இடித்த மாதிரி கிளம்பி, லூயியின் வெள்ளைக் கால்சட்டை முழுக்கக் கரியைப் பூசி, மாடுகளெல்லாம் கட்டை அறுத்துக்கொள்ளப் பார்த்து, வயிரவன் அழுது, வாய்க்காலோரத்து அம்மாள் மறுபடியும் அரிவாளோடு ஓடிவந்து குட்டைக்குக் காவல் நின்றாள். அந்தக் குமிழ் இஞ்சினுக்குக் காற்று போகிற வழியை அடைக்கிற குமிழாம். குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு உடனே தள்ளிவிட வேண்டுமாம். நான் அம்மன் பெயரைச் சொல்லி அதை நாள்கணக்கில் மூச்சுமுட்டக் கட்டிவைத்திருக்கிறேன். இதில் என் தப்பு ஒன்றும் இல்லை. அம்மன் வேண்டுதலைக் கேட்டாள், நிறைவேற்றவும் செய்தாள், ஆனால் அதற்கு ஆள் தேடும்போது இவளைத்தானா தேடவேண்டும்.

பொழுது சாயவில்லை, ஆகவே லூயி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நான் வரவில்லை. பெட்டியை அவிழ்த்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார், இனி தினமும் இந்த லாரியில் ஏறும்போதெல்லாம் தனக்கொடி தள்ளிய குமிழால் அல்லவா ஓடுகிறது என்று என் மனசு குத்தும். அவளுக்கு நான் கடன்பட்டுக்கொண்டு உயிரோடு இருக்க முடியாது. என் கையிலோ ஒரு கப்பல் சீட்டு இருக்கிறது. ‘வயிரவா, அவங்க ஊரைப் பாத்து எத்தனை காலமாச்சுன்னு கேளு’ என்றேன். அவள் குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டு, ‘கல்யாணமாகி வந்ததோட சரி, போனா இறங்கறதுக்கு ஒரு வீடு இருக்கான்னு கேளு வயிரவா’ என்றாள். ‘என் தகப்பன் வீடு இருக்குன்னு சொல்லு’ என்றேன்.

ஆகையால் அடுத்த வாரக் கப்பலில் எனக்குப் பதிலாகத் தனக்கொடி வருகிறாள். நாளைத் தபால் கப்பலில் இந்தக் கடிதம் போகிறது, இதைப் படித்து நீ மூச்சு விடுவதற்குள் அவளும் வந்துவிடுவாள். லூயி சீட்டில் பெயரை மாற்றிக்கொண்டு வருகிறான். அவள் திரும்புகிறவரை அவள் பாலும் என் லாரியில்தான் போகும், வாடிக்கைக்காரர்கள் பழகிப்போனால் அதற்கு நான் பொறுப்பில்லை. அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடி, கட்டிலைப் போடு, அப்பளம் பொரி, எதையும் குறைக்காதே. அவள் புளி தூக்கலாகச் சாப்பிடுவாள். தூங்கினால் குறட்டை விடுவாள். பிறத்தியார் வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கவேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு நாள் தங்குவாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வயிரவன் சந்தோஷம் தாங்காமல் வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு சந்தைவரை போய்விட்டான். லூயி கால்சட்டை மாற்ற உள்ளே போனான். நடுவில் நிற்க ஆள் யாரும் இல்லை, மாடும் அந்தப் பக்கம் திரும்பி நின்றது. அந்த நேரத்தில் தனக்கொடி என் முகத்தையே பார்த்து, ‘உங்க தம்பி பெண்சாதி எப்படிப்பட்டவங்க?’ என்று கேட்டுவிட்டாள். ‘தங்கமானவ’ என்றேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்.